ரீச்சரைக் கேளுங்கோ: புத்தகம், பாட்டு, கடதாசி, வீட்டுப் பிரச்சினை

இந்தமுறை வந்த கடிதங்களில் பாதி "எந்தப் புத்தகம் நல்லது" என்று தொடங்கி வீட்டுச் சண்டையில் முடிகின்றன. மற்றப் பாதி வீட்டுச் சண்டையில் தொடங்கி, "கேட்க நல்ல பாட்டு ஒன்று சொல்லுங்கோ" என்று முடிகின்றன. தனித்தனியாகப் பிரித்து வைக்கப் பார்த்தேன், சரிவரவில்லை. வந்தபடியே போடுகிறேன்.

கேள்வி: மகன் தரம் 8 படிக்கிறான். பள்ளிக்கூடத்தால் வந்து போனைத் தூக்கினால் இராச் சாப்பாட்டுக்குத்தான் தலை நிமிரும். எந்நேரமும் சுடுகிற விளையாட்டு. வாசிக்கட்டும் என்று ஐந்தாறு புத்தகம் வாங்கிக் கொடுத்தேன், மேசையில் தூசி பிடித்துக் கிடக்கின்றன. எந்தப் புத்தகத்தைக் கொடுத்தால் இவன் போனை விடுவான், ரீச்சர்?
- ஒரு தாய், உரும்பிராய்

பதில்: எதைக் கொடுத்தாலும் விடமாட்டான், பிள்ளை. போனைப் பறித்த கையால் நீட்டுகிற புத்தகம் அவனுக்குத் தண்டனைதான். பள்ளிக்கூட நூலகச் சாவி என் இடுப்பில் இருந்த காலத்தில், "இதை வாசி, திருந்துவாய்" என்று பெற்றோர் வாங்கிக் கொடுத்த புத்தகங்கள் எல்லாம் கடைசியில் எங்களுக்கு அன்பளிப்பாக வந்து சேரும். ஒரு மடிப்பும் விழாமல், புத்தம் புதிதாக.

முதலில் அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்து, "இது என்ன விளையாட்டு, எனக்கும் சொல்லித் தா" என்று கேளுங்கோ. எனக்கு என் பெறாமகன் படிப்பித்தான். நாலு பேர் ஒரு அணி. ஒருத்தன் அடிபட்டு விழுந்தால் மற்றவன் ஓடிப்போய்த் தூக்கிவிட வேண்டும். நீங்கள் குசினிக்குள் இருந்து "வை போனை" என்று கத்துகிற நேரத்தில் அவனுடைய கூட்டாளி ஒருத்தன் விழுந்து கிடப்பான். எப்படி வைப்பான்? ஃப்ரீ ஃபயர் என்றால் ஓர் ஆட்டம் பத்துப் பதினைந்து நிமிசத்தில் முடியும், பப்ஜி என்றால் அரை மணித்தியாலம் வரை இழுக்கும். "இந்த ஆட்டம் முடிய வை" என்று சொல்லிப் பாருங்கோ. பேச்சு எடுபடும், ஏனென்றால் அது அவனுக்கு விளங்குகிற கணக்கு.

இராத்திரியில் போன்கள் எல்லாம் ஒரே இடத்தில், பெரியாக்களின் அறையில் சார்ஜ் ஆகட்டும். எல்லாம் என்றால் தகப்பனுடையதும்தான். அவர் படுக்கையில் கிடந்து வீடியோ பார்த்துக்கொண்டு மகனுக்குப் புத்தி சொன்னால் நான் மகனின் பக்கம்தான் நிற்பேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். அவன் தேடுவது துவக்குச் சத்தத்தை இல்லை. நாலு பேர் சேர்ந்து விளையாடுவதைத்தான். உங்கள் வீட்டிலே நாலு பேர் இருக்கிறார்களா? அப்பாச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. ஒரு கடதாசிக் கட்டு வாங்கி முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டத்தைப் படிப்பியுங்கோ. ரெண்டில் இருந்து ஆறு வரை உள்ள தாள்களை எடுத்து வைத்தால் மிச்சம் 32. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ராசாவும் ராணியும் ஒன்பதுக்குக் கீழே நிற்கிற ஆட்டம் இது, அதுவே பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோசம். ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் கூட்டினால் 304.

ஆளுக்கு நாலு தாள் பிரித்ததும் கேள்வி, அதாவது ஏலம், தொடங்கும். ஆகக் குறைந்தது 160. கையில் பாதித் தாளை மட்டும் வைத்துக்கொண்டு "எங்கள் பக்கம் இத்தனை எடுப்போம்" என்று சொல்ல வேண்டும், மற்றப் பாதி பிறகுதான் வரும். ஆகக் கூடக் கேட்டவர் ஒரு தாளைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். அது எந்த இனம் என்று எதிரே இருக்கிற அவருடைய சோடிக்குக்கூடத் தெரியாது. விழுந்த தாள் எது, விழாத தாள் எது, சோடி ஏன் இப்போது ஒன்பதைப் போட்டார் என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். கணிதத்தில் 35 எடுக்கிற பெடியன் இதிலே நாலாம் பிடிக்குள் எல்லாத் தாளையும் எண்ணிச் சொல்லுவான், நான் கண்டிருக்கிறேன். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது, நாங்கள் ஒதுங்கிய பள்ளிக்கூட விறாந்தையில் ஆரோ ஒருவரின் சேட்டுப் பைக்குள் ஒரு கடதாசிக் கட்டு இருந்தது. அரிசி இல்லாத வீட்டுக்காரரும் அதைச் சுற்றி இருந்தார்கள். பிள்ளைகள் அழாமல் இருந்த நேரமும் அதுதான்.

புத்தகத்தையும் விடவில்லை. ஆனால் கொடுக்க வேண்டாம். நீங்களே எடுத்து அவனுக்குக் கேட்கிறமாதிரி வாசியுங்கோ, இரவில் பத்துப் பக்கம். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' எடுத்துப் பாருங்கோ. நெடுந்தீவிலே வாடைக்காற்றுக் காலத்தில் மீன்பிடிக்க வந்து வாடி போடுகிற ஆட்களின் கதை. கடல் வரும், சண்டை வரும், காதலும் வரும், பரவாயில்லை. நல்ல இடம் பார்த்து நிற்பாட்டிவிட்டு லைட்டை நூருங்கோ. அடுத்தநாள் அவன் உங்களுக்கு முந்தி வாசித்திருந்தால் கண்டுகொள்ளாத மாதிரி இருங்கோ.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த மூன்று புத்தகங்கள்?
- ஒரு மாணவன், கைதடி

பதில்: மூன்றோடு நிற்பாட்டச் சொல்வது அநியாயம், தம்பி. இந்த மாதத்துக்கு மூன்று சொல்கிறேன், அடுத்த மாதம் கேட்டால் வேறு சொல்லுவேன்.

டொமினிக் ஜீவாவின் தன்வரலாறு, 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்'. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் கடையில் நின்று தொழில் செய்துகொண்டே கதை எழுதி, 1966இல் 'மல்லிகை' என்ற சஞ்சிகையையும் தொடங்கி நடத்திய மனுசன். சாதி அவரை எங்கெங்கே நிற்பாட்டியது, அவர் எப்படி நிற்காமல் போனார் என்பதைப் பூசி மெழுகாமல் சொல்லுகிறார். நல்லூரைச் சுற்றி நாலு வீதியும் தெரியும் என்று சொல்லுகிற எங்களுக்கு எத்தனை படலை தெரியாது என்று விளங்கும்.

கே. டானியலின் 'பஞ்சமர்'. முதல் ஐம்பது பக்கமும் ஆட்களின் பெயர் குழம்பும். ஒரு துண்டுக் கடதாசியில் ஆருக்கு ஆர் என்ன முறை என்று எழுதி வைத்துக்கொண்டு வாசியும். கதையில் வருகிற பேச்சு உம்முடைய பூட்டியின் வாயில் இருந்த பேச்சு. உரத்து வாசித்தால்தான் அதன் ருசி.

மூன்றாவது, அளவெட்டி தந்த மஹாகவி உருத்திரமூர்த்தியின் கவிதைகள், எந்தத் தொகுப்பு அகப்பட்டாலும் சரி. 44 வயதில் 1971இல் போய்விட்டார். பேச்சு ஓசையை யாப்புக்குள் இருத்துவது எப்படி என்று அவரைப் பார்த்துத்தான் இங்கே பலர் படித்தார்கள். பஸ்ஸில் இருந்து வாசிக்கத் தோதானவர். கைதடியில் ஏறினால் யாழ்ப்பாணம் வருவதற்குள் நாலு கவிதை முடியும், ஒன்று பாடமாகும்.

கேள்வி: என் அவர் முந்நூற்றி நாலு விளையாடும்போது தன் தமையனுக்குக் கண்ணாலும் மூக்காலும் சைகை காட்டுகிறார். கேட்டால் "விளையாட்டுத்தானே" என்கிறார். எங்கள் பக்கம் ஒவ்வொரு முறையும் கம்மாறிஸ், படுதோல்வி.
- கோபத்தோடு, ஆனைக்கோட்டை

பதில்: அண்ணனையும் தம்பியையும் எதிரெதிரே இருத்தினது ஆர்? சோடியை மாற்றுங்கோ. இனி அவர் உங்களுக்கு முன்னால் இருந்து உங்களுக்குச் சைகை காட்டட்டும். அப்போது நீங்கள் எனக்குக் கடிதம் எழுதமாட்டீர்கள்.

கேள்வி: கலியாணம் முடித்து எட்டு மாதம். மாமி வலு நல்லவ. ஆனால் நான் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தால் போதும், "வேலை வெட்டி இல்லாத வீடு" என்று முற்றத்துக்குக் கேட்கச் சொல்லுவா. வேலையெல்லாம் முடித்துவிட்டுத்தான் எடுக்கிறேன். ஒளித்து வாசிக்கிற மாதிரி ஆகிவிட்டது.
- ஒரு மருமகள், மானிப்பாய்

பதில்: ஒளிக்க வேண்டாம் மகள். ஒளித்தால் அவ சொல்வது சரி என்று ஆகும்.

உங்கள் மாமி பேப்பர் பார்ப்பாவா? எந்தப் பேப்பர் வந்தாலும் எங்கள் ஊர்ப் பெரியாக்கள் முதலில் திருப்புவது மரண அறிவித்தல் பக்கம். எழுத்துச் சின்னன், கண்ணாடி எங்கேயோ. மத்தியானம் சாப்பாடு முடிந்து அவ முருங்கையிலை ஆயவோ வெங்காயம் உரிக்கவோ இருக்கிற நேரம் பார்த்துப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கோ. பிறந்த இடம், வசித்த இடம், இன்னாரின் அன்பு மருமகன், இன்னாரின் பாசமிகு மைத்துனர், ஒன்றும் விடாமல். அவ இடையில் மறித்து, "உவர் எங்கட பெரியம்மாவின்ர மச்சாளின்ர பக்கம்" என்று ஒரு கதை சொல்லுவா. அந்தக் கதை உங்கள் கையில் இருக்கிற நாவலை விட நல்லதாகவும் இருக்கக்கூடும். கேட்டுக்கொண்டிருங்கோ.

ஒரு கிழமை இப்படிப் போகட்டும். பிறகு பேப்பர் முடிந்த கையோடு, "மாமி, இதிலே ஒரு ஆச்சி வாறா, கேளுங்கோவன்" என்று செங்கை ஆழியானின் 'ஆச்சி பயணம் போகிறாள்' எடுங்கோ. ஊரை விட்டு வெளிக்கிடாத யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருத்தி பயணம் வெளிக்கிட்டால் என்ன கூத்து நடக்கும் என்று எழுதின பகிடிக் கதை. அவ சிரிக்காவிட்டால் எனக்கு எழுதுங்கோ, வேறு புத்தகம் சொல்கிறேன். சிரித்தால், அடுத்தநாள் மத்தியானம் "எங்க அந்தப் புத்தகம்" என்று கேட்கப்போவது அவதான். புத்தகம் வாசிக்கிற மருமகள் என்றால் தனக்குப் புறம்பாக ஒருத்தி ஒதுங்கி இருக்கிறாள் என்றுதான் அவவுக்குப் படுகிறது. சோம்பல் என்று சொல்வது வாய்க்கு வந்த சாட்டு.

உங்களுக்கென்று தனியாக வாசிக்க ஒரு நேரம் வேண்டும், அதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். இரவு ஒன்பதுக்குப் பிறகு கதவைச் சாத்துங்கோ. கதவைச் சாத்தினால் ஏன் என்று எந்த மாமியும் கேட்கமாட்டா.

கேள்வி: நான் மருதனார்மடத்தில் வயலின் படிக்கிறேன், இரண்டாம் வருடம். அப்பாவுக்கு விருப்பமில்லை. "இதைப் படித்து என்ன செய்யப்போகிறாய், விட்டுவிட்டு முகாமைத்துவம் படி" என்று ஒவ்வொரு விடுமுறையிலும் சொல்லுகிறார். வாசிக்கவே மனமில்லை. எனக்கு ஆறுதலாக ஒரு பாட்டும் சொல்லுங்கோ, அப்பாவுக்கு ஒரு பதிலும் சொல்லுங்கோ.
- வயலின் பிள்ளை, சுன்னாகம்

பதில்: அப்பாவின் கேள்வி நியாயமானது. அதற்குக் கண்ணீரால் பதில் சொல்லாமல் கணக்கால் சொல்லும்.

கர்நாடக சங்கீதம் பள்ளிக்கூடத்தில் பாடம். சாதாரண தரத்துக்கும் இருக்கிறது, உயர்தரத்துக்கும் இருக்கிறது. படிப்பிக்க ஆட்கள் வேண்டும். பட்டத்தோடு வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளையும் தரம் தரமாக முடித்துக் கலாவித்தகர் பட்டத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பெற்றோர் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது பார்ப்பது அதைத்தான். அடுத்தது, வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகள். லண்டனில் பள்ளிக்கூடம் விட்டுப் பின்னேரம் நாலரைக்கு ஒரு பிள்ளை வயலினைத் தூக்கினால் இங்கே கோடையில் இரவு ஒன்பது மணி, குளிர்காலத்தில் பத்து. உம்முடைய பகல் முழுக்க உம்மிடமே இருக்கும். வீடியோவில் வில் பிடிக்கிற கையைத் திருத்துவது கரைச்சல்தான், சுருதி சேர்ப்பது அதைவிடக் கரைச்சல். ஆனால் அந்த வகுப்பு எடுத்துக் குடும்பம் பார்க்கிறவர்கள் இணுவிலிலும் கோண்டாவிலிலும் இருக்கிறார்கள். இதையெல்லாம் ஒரு தாளில் வருமானம், செலவு என்று இரண்டு பக்கமாக எழுதி அப்பாவுக்கு முன்னால் வையும். முகாமைத்துவம் தெரிந்த பிள்ளை என்று அவருக்கே விளங்கும்.

ஆனால் இன்னொன்று. அப்பா நீர் வாசித்து எப்போது கேட்டார்? அறைக்குள் நடக்கிற சாதகத்தை அல்ல, ஒரு உருப்படியை முழுக்க. எங்கள் வீடுகளில் பிள்ளை சங்கீதம் படிப்பது எல்லோருக்கும் தெரியும், கேட்டவர் ஒருவரும் இருக்கமாட்டார். கோயில் திருவிழாவில் இரவு மேளக் கச்சேரிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போம். நல்லூரில் 25 நாள் திருவிழா, சனத்துக்குள் நசிபட வேண்டும். அதை விட உங்கள் ஊர்ச் சின்னக் கோயில் நல்லது, நாதஸ்வரத்துக்கு ஆறடி தள்ளி மணலில் இருக்கலாம். தவில் தனி வரும்போது அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து தொடையில் தாளம் போட்டு, இப்போது எங்கே நிற்கிறார்கள், எங்கே வந்து விழப்போகிறார்கள் என்று மெல்லச் சொல்லிக்கொடும். விழுகிற இடம் சரியாக விழுந்தால் கணக்குத் தெரிந்த மனுசன் நிமிர்ந்து இருப்பார்.

உமக்கு ஆறுதலுக்குப் பாட்டுக் கேட்டீர். நான் பாட்டுச் சொல்லவில்லை, தவில் சொல்கிறேன். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி. 1933இல் பிறந்து 1975இல் போனவர், உங்கள் பக்கத்து ஊர்க்காரர். தமிழ்நாட்டுப் பெரிய நாதஸ்வர வித்துவான்கள் பக்கத்தில் வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொண்ட கை. பழைய ஒலிப்பதிவு, கரகரக்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேளும். வயலின்காரப் பிள்ளைக்குத் தவில் எதற்கு என்றால், உம்முடைய வில் எங்கே நிற்க வேண்டும் என்று அது சொல்லும். கேட்ட பிறகு வாசிக்க மனம் வரும், வராவிட்டால் இரண்டு நாள் பெட்டியை மூடி வையும். ஒன்றும் குடி முழுகாது.

கேள்வி: உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம். விடிய நாலரைக்கே கோயில் ஸ்பீக்கர் தொடங்கிவிடும். எழும்பிப் படிக்கவும் ஏலாது, படுக்கவும் ஏலாது.
- கொக்குவில்

பதில்: நாட்டில் உயர் நீதிமன்றம் 2007இலேயே இதற்கு ஓர் உத்தரவு போட்டது. இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுப்பதில்லை என்பதுதான் பொது விதி. ஆனால் விதியைத் தூக்கிக்கொண்டு நீர் போக வேண்டாம். பரீட்சை எழுதுகிற நாலைந்து பிள்ளைகளின் தாய்மார் சேர்ந்து, ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிய, தர்மகர்த்தாவிடம் போகட்டும். "நிற்பாட்டுங்கோ" என்று கேட்டால் சாமிக்கு எதிராகப் போய்விடும். "பரீட்சை முடியும் வரை உள்வீதிக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் குழாயைத் திருப்பி விடுங்கோ" என்று கேட்டால் அவருடைய பேரப்பிள்ளையின் நினைவு வரும். பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் படும். இரண்டு மாதத்துக்கு வேறு ஒன்றும் வாசிக்க வேண்டாம், நான் சொன்னதாகச் சொல்லும்.

கேள்வி: நெஞ்சு உடைந்து போச்சு, ரீச்சர். மூன்று வருசக் காதல். நல்ல சோகப் பாட்டாகப் பத்துச் சொல்லுங்கோ.
- நெல்லியடி

பதில்: ஒன்றும் சொல்லமாட்டேன். சோகத்துக்குச் சோகப்பாட்டுக் கேட்பது காய்ச்சலுக்குப் போர்வை மேல் போர்வை போடுகிற வேலை. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' போட்டுவிட்டு உம்முடைய அறையைக் கூட்டும். அது முடிய உடுப்பைத் தோயும். கூட்டாளி ஒருத்தனைக் கூப்பிட்டுப் பருத்தித்துறைக் கடற்கரைக்கு சைக்கிளில் போம், மோட்டார் சைக்கிள் வேண்டாம். அவளுடைய போட்டோக்களை அழிக்கச் சொல்லி நான் சொல்லவில்லை. போனில் இருந்து ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதை அம்மாவின் அலுமாரிக்குள் வையும். நடுச்சாமத்தில் எழும்பிப் பார்க்க ஏலாது, அது காணும்.

சாப்பாடு இறங்காமல் இரண்டு கிழமைக்கு மேல் போனால், நித்திரை இல்லாவிட்டால், ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் இருக்கிறது. வெட்கப்படாமல் போம். கண் நோவுக்குப் போகிறோம்தானே.

கேள்வி: வயது 74. மனைவி போய் இரண்டு வருடம். மூன்று பிள்ளைகளும் ரொறன்ரோவில். பகல் எப்படியோ போகிறது, பின்னேரம் ஐந்து மணி வந்தால் வீடு பெரிசாகிவிடும். முன்பு இலங்கை வானொலி கேட்பேன். இப்போது எது கேட்டாலும் விளம்பரம். பேரன் போனில் "ஹாய் தாத்தா" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறான்.
- மூத்த வாசகர், கரவெட்டி

பதில்: ஐயா, வானொலி கேட்கிற வயதில் இந்த ஊர் அதற்குப் பட்ட பாடு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1990க்குப் பிறகு கரண்ட் இல்லை, பற்றரி தடை. சைக்கிளைக் கவிட்டு வைத்து நானும் தங்கச்சியும் மாறி மாறி மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடியது. மிதிக்கிற வேகம் குறைந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் விழும். ஒருத்தி சுற்ற, வீடு நிறையச் சனம் கேட்கும். அன்றைக்குக் கேட்டவர்களுக்குப் பாட்டை விட அந்தக் கூட்டம்தான் நினைவில் இருக்கிறது. அதனால் உங்களுக்கு நல்ல வானொலி தேடித்தர நான் முயலவில்லை.

ஐந்து மணிக்கு வீட்டில் இருக்க வேண்டாம், அவ்வளவுதான். உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பேப்பர் காலையிலேயே வந்துவிடும், நீங்கள் பின்னேரம் போய் வாசியுங்கோ. செய்தி பழசாகியிருக்கும், வாங்கில் ஆட்கள் இருப்பார்கள். நாலு பேர் சேர்ந்தால் என்ன விளையாடுவது என்று மேலே உரும்பிராய்த் தாய்க்கு எழுதியிருக்கிறேன், உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை.

பிள்ளைகளிடம் ஒரு ரப்லெற் கணினி வாங்கித் தரச் சொல்லுங்கோ. நூலகம் என்ற இணையத்தளத்தை எங்கள் பெடியள் 2005இல் தொடங்கினார்கள். பழைய 'மல்லிகை' இதழ்கள், ஊர்க் கோயில் மலர்கள், பள்ளிக்கூட மலர்கள், எல்லாம் காசில்லாமல் வாசிக்கலாம். விரலால் விரித்தால் எழுத்துப் பெரிசாகும். உங்கள் பள்ளிக்கூடத்து மலர் ஏதும் அகப்பட்டால் உங்களுடைய வகுப்புப் படமே இருக்கவும் கூடும்.

பேரனின் விசயம். கோடையில் இங்கே பின்னேரம் ஆறரை என்றால் ரொறன்ரோவில் காலை ஒன்பது, குளிர்காலத்தில் எட்டு. சனி ஞாயிறில் அவன் எழும்பி இருக்கிற நேரம். "எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் ஓடும். ஒரு தாயக் கட்டத்தைக் கீறிப் படம் எடுத்து அனுப்புங்கோ, அவனும் அங்கே ஒன்று கீறட்டும். ஊருக்கு வந்துபோகிற ஆர் மூலமாவது கொஞ்சம் சோகி கொடுத்துவிடுங்கோ. அவன் அங்கே எறிந்து கமராவில் காட்ட வேண்டும், நீங்கள் இங்கே எறிந்து காட்ட வேண்டும். இரண்டு பேரும் இரண்டு காயையும் நகர்த்த வேண்டும். அவனுக்கு எண்ணுகிற அளவுக்குத் தமிழ் போதும். நீங்கள் அவனுடைய காயை வெட்டும்போது இரக்கம் பார்க்க வேண்டாம், தாத்தா விட்டுக்கொடுக்கிறார் என்று தெரிந்தால் அடுத்த கிழமை வரமாட்டான். தாயம் அலுத்தால் செஸ். அதற்குப் பலகை அங்கேயும் இங்கேயும் தேவையில்லை, போனிலேயே இருக்கிறது.

இரண்டு வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவவின் சாமான்களை இன்னும் எடுத்து வைக்கவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம், ஐயா.

கேள்வி: தையில் பிள்ளைகளோடு சுவிசில் இருந்து தமையன் வருகிறார். பிள்ளைகளுக்குக் கோயிலும் கோட்டையும் அலுத்துவிட்டதாம்.
- சங்கானை

பதில்: பொங்கலன்று பின்னேரம் வல்வெட்டித்துறைக் கடற்கரை, பட்டப் போட்டி. வெயில் தாழப் போனால் நிற்க இடம் இராது, இரண்டு மணிக்கே போங்கோ. ஆனால் பார்த்துவிட்டு வந்தால் போட்டோ மட்டும்தான் மிஞ்சும். முதல்நாள் பிள்ளைகளை இருத்தி மூங்கில் சீவி, ஈர்க்குக் கட்டி, ரிசுத்தாள் ஒட்டி ஒன்று செய்யப் பண்ணுங்கோ. விண் பூட்ட மறக்க வேண்டாம், இராத்திரி முழுக்கக் கூவினால்தான் அது பட்டம். முதலாவது ஏறாது. ஏற்றத் தெரிந்த ஆள் உங்கள் ஒழுங்கையிலேயே இருப்பான், வயது பன்னிரண்டுக்குள். அவனுக்குச் சொக்கிலேற் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கோ.

கேள்வி: எங்கள் ஊர்ப் பெடியள் பத்துப் பேர் சேர்ந்து இரவல் புத்தகம் கொடுக்கிற மாதிரி ஒரு சின்ன வாசிகசாலை தொடங்க நினைக்கிறோம். கட்டடத்துக்குக் காசு சேர்க்கிறோம். புத்தகம் எடுத்தவர்கள் திருப்பித் தரமாட்டார்கள் என்று பெரியாக்கள் சொல்லுகிறார்கள். உங்கள் ஆலோசனை?
- வேலணை

பதில்: கட்டடக் காசைப் பிறகு சேருங்கோ. யாழ்ப்பாணப் பொது நூலகம் கட்டடத்தோடு தொடங்கவில்லை. 1933இல் க.மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் வைத்து ஊராருக்குப் புத்தகம் கொடுக்கத் தொடங்கியதுதான் அதன் வேர். பெரிய கட்டடம் திறந்தது 1959இல். 1981 மே 31 இரவு வைத்த தீயில் போனது ஏறக்குறைய 97,000 நூல்கள். திருப்பித் தராமல் வைத்திருந்தவர்களின் வீட்டில் இருந்ததுகள்தான் தப்பினவை என்று அந்த நாளில் ஒரு கசப்புப் பகிடி சொல்லுவோம். அதனால் இரவல் எடுத்தவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கோபம் இல்லை.

ஆனாலும் ஒழுங்கு வேண்டும். ஒரு சி.ஆர். கொப்பி போதும்: திகதி, புத்தகம், எடுத்தவர், வீட்டுக்காரரின் போன் நம்பர். குற்றக்காசு வைக்க வேண்டாம். காசு கட்டப் பயந்துதான் ஆட்கள் புத்தகத்தோடு மறைவார்கள். பிந்திக் கொண்டுவருகிறவர், வாசித்த கதையை வாங்கில் இருக்கிறவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போகட்டும். கதை சொல்லக் கூச்சப்படுகிறவர் நாளுக்குக் கொண்டுவந்து தருவார், கதை சொல்ல ஆசையானவர் பிந்தி வந்து ஊரைக் கூட்டுவார். இரண்டும் உங்களுக்கு லாபம்.

பரீட்சைக் கடந்தகால வினாத்தாள்களை முன் தட்டில் வையுங்கோ, தாய்மார் பிள்ளைகளை அனுப்புவார்கள். நாவல்கள் இரண்டாம் தட்டு. ஒரு மூலையில் இரண்டு கரம் பலகையும் ஒரு செஸ் பலகையும். "விளையாட வந்தால் வாசிக்கமாட்டார்கள்" என்று ஒரு பெரியவர் சொல்லத்தான் செய்வார். அவரையே செஸ் பலகைக்குப் பொறுப்பாகப் போடுங்கோ.

தீவுப் பக்கம் உப்புக் காற்று, இரும்பு அலுமாரி கறள் பிடிக்கும். பழைய வேப்பம்பலகை அலுமாரி கிடைத்தால் வாங்குங்கோ. கால்களைச் செங்கல்லில் ஏற்றி, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கோ, கறையானுக்கு அப்போதுதான் கண்ணுக்குத் தெரியாமல் ஏற வழி இராது. மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி வெயில் காட்ட வேண்டும், நேர் வெயில் அல்ல, விறாந்தை வெயில்.

என்னிடம் இரண்டு பெட்டி இருக்கிறது: பழைய மல்லிகைகள், சிறுவர் கதைகள், ஒரு பாகம் குறைந்த கலைக்களஞ்சியம். பத்திரிகைக் காரியாலயத்தில் என் வீட்டு விலாசம் கேட்டு, ஒரு சனிக்கிழமை காலமை ஆட்களை அனுப்புங்கோ. சைக்கிள் காணாது, ஓட்டோ கொண்டு வாருங்கோ.